கெட்ட செய்தி எத்தனை நிமிஷத்தில் உங்களிடம் வருகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் டெய்லராகவோ செக்கராகவோ இருந்து சூப்பர்வைசர் ஆகிற தம்பி தங்கைகளுக்கு முதலில் வருகிற சந்தேகம் ஒன்றுதான். கறாராக இருப்பதா, தட்டிக்கொடுத்து வேலை வாங்குவதா? சிடுமூஞ்சியாக இருந்தும் லைனை அருமையாக ஓட்டுகிறவர்கள் உண்டு. சிரித்துப் பேசியே கெடுத்தவர்களும் உண்டு. அதனால் நான் பார்ப்பது வேறு. லைனில் ஒரு கோளாறு வந்தால் அது எத்தனை நிமிஷத்தில் சூப்பர்வைசர் காதுக்கு வருகிறது? அஞ்சு நிமிஷத்தில் வந்தால் அவர் நல்ல ஆள். சாயங்காலம் ஃபைனல் செக்கிங்கில்தான் தெரிகிறது என்றால், அந்த லைனே அவருக்குப் பயந்து கிடக்கிறது.

ஸ்கைவிங்கை, அதாவது தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவுகிற வேலையை, எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர் என்கிற ஷூவின் மேல்பகுதிக்குப் போடுகிற தோல் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனம். மடிக்கிற ஓரத்தைச் சீவிச்சீவி அதில் பாதிக்கும் குறைவாக ஆக்குகிறோம். வட்டக் கத்தி மழுங்கினாலோ, தோலை உள்ளே இழுக்கிற கல் தேய்ந்தாலோ சீவல் ஒரே சீராக வராது. கனமாக நின்றால் ஃபோல்டிங் புடைத்துக்கொண்டு நிற்கும், தையல் விட்டுப்போகும். அது கண்ணுக்குத் தெரியும், பிடித்துவிடலாம். ரொம்ப மெலிந்தால்தான் ஆபத்து. மடிப்பும் அழகாக உட்காரும், தையலும் அழகாக விழும். லாஸ்டிங்கில், அதாவது கால் வடிவக் கட்டைமேல் போட்டு இழுக்கும்போது, தையல் ஓரமாக டர்ரென்று கிழியும். ஸ்கைவிங்கிலேயே தெரிந்திருந்தால் நஷ்டம் ஒரு குவார்ட்டர் பீஸ், அதாவது ஷூவின் பின்பக்கத் தோல் துண்டு ஒன்று. லாஸ்டிங்கில் தெரிந்தால் முழு அப்பரும் போச்சு, லைனிங், ஐலெட், அத்தனை பேர் கைவேலை எல்லாம் சேர்த்து. இன்னொரு கால் ஜோடியில்லாமல் நிற்கும், அதே ஷேடில் தோல் கிடைத்தால்தான் அதற்கும் வழி. அதற்குள் பின்னாலேயே நூறு ஜோடி அதே கோளாறோடு வந்துகொண்டிருக்கும்.

இது ஸ்கைவிங் மிஷினில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு மூணாவது பீஸிலேயே தெரியும். கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினாலே போதும். "சார், கத்தி புடிக்கல சார்" என்று சொல்ல ஒரு நொடி. அதற்கு, "நேத்து வரைக்கும் நல்லாதானே ஓடுச்சி, இன்னிக்கி மட்டும் இன்னா உனக்கு?" என்று பதில் வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். நாளைக்குக் கத்தி மழுங்கினால் சொல்லமாட்டார், டிரேயை அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடுவார். கத்தியைத் தீட்ட ரெண்டு நிமிஷம்தான் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுக்க மனசில்லாத சூப்பர்வைசரால் கம்பெனிக்குப் போவது நூறு அப்பர்.

விஷயம் தெரிந்தவர் வேறு மாதிரி செய்வார். உடனே மிஷினை நிறுத்துவார். கடைசியாகச் சீவின பத்து பீஸைக் கனம் அளக்கிற கேஜில் வைத்துப் பார்ப்பார். பிறகு லைனில் முன்னால் நடந்து போய், கெட்ட பீஸ் எந்த டேபிள் வரைக்கும் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதையெல்லாம் தனி டிரேயில் ஒதுக்குவார். யார் செய்தது என்ற பேச்சு இதெல்லாம் முடிந்த பிறகு. பாதி நேரம் அந்தப் பேச்சே தேவைப்படாது.

ஊசி விஷயத்தில் இது இன்னும் கவலையான காரியம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, டேப்பில் ஒட்டி ரிஜிஸ்டரில் வைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த டிரே முழுக்க மெட்டல் டிடெக்டருக்குப் போகணும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊசி உடைத்ததற்கு இருபது பேர் முன்னால் திட்டு வாங்கினவர் அடுத்த தடவை ஸ்டோருக்கே போகமாட்டார். வெளியே கடையில் சொந்தக் காசில் ரெண்டு ஊசி வாங்கி டிபன் பையில் வைத்துக்கொள்வார். பழைய ஊசியின் முனை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு குழந்தையின் ஷூவுக்குள் லைனிங்கில் அது இருக்கலாம். இத்தனைக்கும் ஊசி உடைவதற்குப் பல காரணம்: தோலுக்கும் நூலுக்கும் பொருந்தாத நம்பர், ஊசி நூலைப் பிடிக்கிற ஹுக்கின் டைமிங் விலகினது, நாலு மடிப்பு சேர்கிற இடத்தில் வேகம் குறைக்காதது, தோலைக் கையால் இழுத்துத் தைப்பது. முதல் ரெண்டும் தைக்கிறவர் கையில் இல்லை. ஒரே மிஷினில் மத்தியானத்துக்குள் மூணு ஊசி போனால் கூப்பிட வேண்டியது மெக்கானிக்கை.

டார்கெட்டுக்கு வருவோம், அதிகமாகக் கத்தல் நடப்பது அங்கேதான். எட்டு மணி நேரத்தில் 600 ஜோடி என்றால் மணிக்கு 75. அதாவது 48 செகண்டுக்கு ஒரு ஜோடி ஒவ்வொரு டேபிளையும் தாண்டணும். ஒரு ஆபரேஷனுக்கு 90 செகண்ட் ஆகிறது என்றால் ஒருத்தரால் மணிக்கு 40 ஜோடிதான் முடியும், அதனால் அங்கே ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் லீவு என்றால் முழு லைனும் மணிக்கு 40-க்கு இறங்கிவிடும். மற்ற ஐம்பது பேரும் பறந்து பறந்து செய்தாலும் 41-வது ஜோடி வராது. இந்தக் கணக்கு தெரியாதவர், அடுத்த டேபிளில் பீஸ் வராமல் சும்மா உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்துக் கத்துவார். அவர் மேல் என்ன தப்பு?

இதற்கு வழி காலையிலேயே இருக்கிறது. குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் ஆம்பூருக்கு வேன் வருகிறது. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் அந்த ஊர்கள் வேலூரிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் போய்விட்டன, வேன் மட்டும் பழையபடி போய்வருகிறது. வேனில் யார் ஏறவில்லை என்பது ஷிப்ட் தொடங்க அரைமணி முன்பே வேனில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதை போனில் கேட்டு வைத்துக்கொள்கிறவர் பெல் அடிக்கும்போதே ஆளை மாற்றி உட்கார வைத்திருப்பார். மாற்றி உட்கார வைக்க ஆள் வேண்டுமே? கஷ்டமான ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடுதலாக ரெண்டு பேரைப் பழக்கி வைத்திருக்கணும். ஒரு தாளில் ஆள் பெயர் ஒரு பக்கம், ஆபரேஷன் ஒரு பக்கம் கட்டம் போட்டு, யாருக்கு எது தெரியும் என்று குறித்துச் சுவரில் ஒட்டினால் போதும். லீவு சொன்னால் திட்டுவார் என்று பயந்தால் யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், சொல்லாமலே நின்றுவிடுவார்கள்.

கட்டிங்கில் தோலை அச்சு வைத்து வெட்டுகிற கிளிக்கிங் பிரஸ்ஸைப் பாருங்கள். ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால் அமுக்கினால்தான் தலை இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக. அவசரத்தில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள், ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொள்ள வசதி என்று. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற சூப்பர்வைசர், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எனக்குக் கெட்டவர்தான்.

தோல் பதனிடுகிற இடத்தில் தாமதத்தின் விலை உயிர். தோலில் மயிர் நீக்குகிற சுண்ணாம்பு வேலையில் சல்பைடு இருக்கிறது, பிறகு தோலை ஊற வைக்கிற பிக்கிள் தண்ணீரில் அமிலம் இருக்கிறது. ரெண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கினால் ஆள் திரும்பமாட்டார், காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்பமாட்டார். "ஒரு நிமிஷம் இறங்கி அடைப்ப எடுத்துட்டு வா" என்று சொல்லத் துணிகிற மேஸ்திரிக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கவே கூடாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த ஊர் இது. இங்கே "சுவர் ஓரமா ஈரம் கசியுது ணா" என்று ஒருத்தர் வந்து சொன்னால், கையில் இருக்கிற டீயை வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கணும்.

பெண்கள் அதிகம் இருக்கிற தையல் லைனில் மேலே வராத கெட்ட செய்தி இன்னொன்று உண்டு. கை வைப்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது. பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் விசாரணைக் குழு இருக்கணும், தலைவர் அங்கே மேல்பொறுப்பில் இருக்கிற பெண்ணாக இருக்கணும். பெயர்ப் பட்டியல் ஆபீஸ் சுவரில் இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். அதைக் கேன்டீனிலும் கழிப்பறைப் பக்கத்திலும் தமிழில் ஒட்டணும். புகார் கொடுக்க மூணு மாசம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதணும். கழிப்பறைக்கு டோக்கன் வைக்கிற வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலூர் வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே, டோக்கனுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்து படுக்கிறவர்கள் எத்தனை பேர். அதனால் போகிற லீவுக் கணக்கை யாரும் டோக்கனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

சூப்பர்வைசரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மணிக்கு மணி போர்டில் எண்ணிக்கை எழுதி, ஐந்து ஜோடி குறைந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிற மேனேஜருக்குக் கீழே இருந்தால், அவரும் கெட்ட செய்தியைத் தனக்குக் கீழேயே அமுக்கிவிடுவார். போர்டில் குறைந்த எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் விடுங்கள். கரண்ட் போனது, கத்தி மாற்றினது, பீஸ் வரவில்லை, ஆள் இல்லை. மேனேஜர் ஒரு வாரம் அந்தக் கட்டத்தை மட்டும் படித்தாலே போதும், எங்கே போய் நிற்கணும் என்று தெரிந்துவிடும்.

புது லைனுக்குப் பொறுப்பேற்கிறவர்கள் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து எல்லாரும் கிளம்பின பிறகு ஒரு சுற்று வாருங்கள். டேபிளுக்கு அடியில் குனிந்து பாருங்கள், வேஸ்ட் தோல் மூட்டையில் கை விட்டுப் பாருங்கள், மிஷின் டிராயரைத் திறந்து பாருங்கள். கிழிந்த வேம்ப் (ஷூவின் முன்பக்கத் தோல்), தப்பாகத் தைத்த டங் (லேசுக்கு அடியில் வருகிற நாக்கு), உடைந்த ஊசி எல்லாம் கிடைக்கும். எடுத்து ஆபரேஷன் வாரியாக அடுக்குங்கள். யார் ஒளித்தது என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் அதை டேபிள்மேல் வைத்து, "இது எந்த மிஷின்ல, எதனால வருது, சொல்லுங்க, சரி பண்ணிடலாம்" என்று கேளுங்கள். முதல் வாரம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். யாராவது ஒருத்தர் சொல்லி, அன்றைக்கே அந்த மிஷினுக்கு மெக்கானிக் வந்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை மூட்டையில் பீஸ் குறைந்திருக்கும்.