38 என்ற எண்ணுக்கு இத்தனை காவலா?

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு எத்தனை ஏடிபி (செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) கிடைக்கும் என்ற தேர்வுக் கேள்விக்கு 32 என்று எழுதிய மாணவிக்கு மதிப்பெண் மறுத்த அந்த விடைத்தாள் விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "புத்தகத்தில் 38 ஏடிபி என்று இருக்கும்போது 32 என்று எழுதியவருக்கு எதற்கு மதிப்பெண்?" என்று வந்துகொண்டே இருக்கும் பின்னூட்டங்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த மாணவி எழுதியது தவறு அன்று.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாகச் சிதையும்போது எலக்ட்ரான்களைச் சுமக்கும் 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2 மூலக்கூறுகள் கிடைக்கின்றன. முன்னதற்குத் தலா 3 ஏடிபி, பின்னதற்குத் தலா 2 என்று வைத்து, நேரடியாகக் கிடைக்கும் 4 ஏடிபியையும் சேர்த்தால் 38 வரும். கூட்டல் சரிதான், அந்த 3-உம் 2-உம்தான் சரியில்லை.

அவை சுமக்கும் எலக்ட்ரான்கள், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறி ஆக்சிஜனைச் சென்றடையும் வழியில் வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளித் தேக்குகிறது. அணைநீர் சுழலியைச் சுற்றுவதுபோல, திரும்பிப் பாயும் புரோட்டான்கள், ஏடிபியை உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியைச் சுழற்றுகின்றன. 1961-இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் புரோட்டான் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதி உண்மையிலேயே சுழல்வதை, அதன் அச்சில் ஒளிரும் இழையொன்றைப் பிணைத்து, 1997-இல் நுண்ணோக்கியில் கண்ணாரக் கண்டார்கள்.

ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. பாலூட்டிகளில் அந்தச் சுற்றுக்கு 8 புரோட்டான்கள் தேவை. பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவந்து ஏடிபியை வெளியே அனுப்ப, ஒவ்வோர் ஏடிபிக்கும் மேலும் ஒரு புரோட்டான் செலவாகிறது. ஆக, ஏறத்தாழ 4 புரோட்டானுக்கு ஓர் ஏடிபி. என்ஏடிஎச் தள்ளும் 10 புரோட்டானுக்கு 2.5, எஃப்ஏடிஎச்2 தள்ளும் 6-க்கு 1.5. அந்த மாணவி விடையின் ஓரத்தில் 25 + 3 + 4 என்று கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார். அதன் குறுக்கேயும் கோடு போட்டிருக்கிறார்கள்!

"32-உம் மதிப்பீடுதானே?" என்று கேட்கிறார்கள். ஆம். குளுக்கோஸ் சிதைவின் முதல் கட்டமாக மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே நடக்கும் கிளைக்காலிசிஸில் உருவாகும் என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் எவ்வழியே உள்ளே செல்கின்றன என்பதைப் பொறுத்து அது 30 ஆகவும் குறையும். சவ்வில் புரோட்டான் கசிவதால் உயிருள்ள செல்லில் இன்னும் குறையும். இதனால் 38 எப்படிச் சரியாகிவிடும்? "மாணவர்களைக் குழப்பாதீர்கள்" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பொறுமை இல்லை. குழம்பியவர் இப்படிக் கணக்குப் போட மாட்டார்.

பள்ளியில் நானும் எழுந்து, "ஏன் சரியாக 3?" என்று கேட்டேன். "எழுதச் சொன்னதை எழுது" என்றார் ஆசிரியர், வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அந்த வகுப்பில் நான் கையை உயர்த்தவே இல்லை. இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு வலிக்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு இது புரியாது. செல் எப்படி ஆற்றலை மாற்றுகிறது என்று உண்மையாகவே விளங்கிக்கொண்ட ஒருவருக்கு, விளங்கிக்கொண்டதற்காகவே தண்டனை கொடுத்திருக்கிறோம்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமே என்று சிலர் அறிவுரை கூறுகிறார்கள். அவர் ஏன் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்? பிழை விடைத்தாளைத் திருத்தியவருடையது. அவரே அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, அந்தக் கோட்டை அழித்துவிட்டு, மதிப்பெண்ணைப் போடட்டும்.