'அங்க' என்றொரு இடம்

ஒன்பது வயதில் புதுநன்மைக்கு, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்குவதற்குத் தயாரானபோது பத்துக் கட்டளைகளையும் பாட்டியிடம் ஒப்பிக்க வேண்டும். ஆறாவது வந்தால் பாட்டியின் குரல் இறங்கிவிடும். "மோக பாவம் செய்யாதிருப்பாயாக." மோகம்னா என்ன பாட்டி? "அது பெரியவங்களுக்கு. நீ ஏழாவதச் சொல்லு." ஏழாவது, களவு செய்யாதிருப்பாயாக. களவு என்றால் தெரியும். ஆறாவது என்னவென்றே தெரியாமல் அதற்குப் பல வருஷம் பயந்தேன்.

அம்மாவுக்கு அதற்குச் சொல்லே கிடையாது. 'அங்க' என்பார். "அங்க நல்லாக் கழுவுனியா?" கை, கால், மூக்குக்கெல்லாம் பேர் உண்டு. இது மட்டும் திசை.

மறைக்கல்வி வகுப்பில் புனித மரிய கொரற்றி கதை சொன்னார்கள். இத்தாலியில் 1902-ல் தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தவனைத் தடுத்ததற்காகக் குத்திக் கொல்லப்பட்ட 11 வயதுச் சிறுமி. 1950-ல் புனிதர் பட்டம். எங்களுக்கு அது கற்பின் வெற்றியாகச் சொல்லப்பட்டது. ஒரு குழந்தையைக் கொன்றிருக்கிறான், அதில் என்ன வெற்றி? பலாத்காரத்துக்கு ஆளாகி உயிர் பிழைத்திருந்தால் அவளை என்னவென்று சொல்லியிருப்பார்கள்? அப்போது கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே எனக்கு 30 வயதாகிவிட்டது.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது, 19 வயதில், பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, ஒருமுறை அந்த ஆறாவதைத் தைரியமாகச் சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து வந்தவை இரண்டே கேள்விகள். தனியாகவா, யாருடனாவதா? எத்தனை தடவை? அந்தச் சாமியாரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி. ஆனால் அன்றிலிருந்து நான் கணக்கு வைக்க ஆரம்பித்தேன். ஆசை வந்தால் முதலில் எண்ணிக்கைதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009-ல் இங்கே சிங்கப்பூரில் அவேர் என்ற பெண்கள் உரிமை அமைப்பைக் கைப்பற்றிய பெண்கள், அது பள்ளிகளில் நடத்திய பாலியல் கல்வியை எதிர்த்தார்களே, அப்போது நான் அவர்கள் பக்கம். "பிள்ளைகளுக்கு இதையெல்லாமா சொல்லித் தருவது" என்று மின்னஞ்சல் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. மே 2-ஆம் தேதி சன்டெக் மாநாட்டு மையத்தில் நடந்த உறுப்பினர் வாக்கெடுப்பில் 1,414க்கு 761 என்று அவர்கள் தோற்றபோது வருத்தப்பட்டேன். எனக்கு 24 வயது. என் உடம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 'உன் உடம்பைப் பார்' என்று எனக்கு முதலில் சொன்னதே திருச்சபைதான்! திருமணத்துக்கு முந்தைய வகுப்பில் பில்லிங்ஸ் முறை சொல்லித் தந்தார்கள். மெல்பர்னைச் சேர்ந்த ஜான், எவலின் பில்லிங்ஸ் என்ற டாக்டர் தம்பதி பரப்பிய இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை. உலர்வா, ஈரமா, வழவழப்பா என்று தினமும் கவனித்துக் குறிக்க வேண்டும். 27 வயதில் என் உடம்புக்கு ஒரு மொழி இருப்பது அன்றுதான் தெரிந்தது. அது கரு தங்கும் நாளை மட்டும் பேசும் மொழி. இன்பம் எங்கே இருக்கிறது என்று அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

அந்தக் கட்டமும் மெல்பர்னிலிருந்தே வந்தது. ஹெலன் ஓகானல் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1998-ல் பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸின் முழு அமைப்பை விளக்கி ஓர் ஆய்வு வெளியிட்டார். வெளியே தெரிவது நுனிதான், மீதியெல்லாம் உள்ளே. என் 33-வது வயதில் ஒரு தோழி வீட்டு வரவேற்பறையில், ஏழெட்டுப் பெண்கள் கூடிப் படித்த மாலையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். 'செக்ஸ் பாசிட்டிவ்' பெண்ணியம் என்ற பேச்சும் அங்கேதான் அறிமுகம். 1980களில் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்ட விஷயம் அது. ஆபாசப் படங்களை எதிர்ப்பதே முதல் வேலை என்றார்கள் ஒரு பக்கம். பெண்ணின் ஆசையையும் சேர்த்துப் பேசாமல் என்ன விடுதலை என்றார்கள் மறு பக்கம். கண்டபடி சுற்றச் சொல்லும் கொள்கை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். எனக்கு அது தந்தது ஒரே ஒரு அனுமதி: கணக்கை நிறுத்து.

அங்கே ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினேன். வேறு யாருடைய உடம்பைப் பற்றியோ பேசுவது போல இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் தமிழில் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை. நாலறை வீவக அடுக்குமாடி வீடு, பக்கத்து அறையில் அத்தை. "ஏங்க, எனக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். பதறிப்போய், "உடம்பு சரியில்லையா?" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆறு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த விஷயத்துக்காக நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். மீதி எங்கள் இருவருக்கு.

பிறகு பைபிளில் 1 கொரிந்தியர் 7-ஐ எடுத்துப் படித்தேன். மனைவியின் உடல்மேல் உரிமை கணவனுக்கு என்று பவுல் சொல்வதைத் திருமணப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அடுத்த வரியிலேயே கணவனின் உடல்மேல் உரிமை மனைவிக்கு என்று இருப்பதை ஒருவரும் அழுத்திச் சொல்லிக் கேட்டதில்லை. சட்டமும் முதல் வரியோடு நின்றிருந்தது. 2020 ஜனவரி 1 வரை, சில விதிவிலக்குகள் தவிர, இங்கே கணவன் மனைவியை வற்புறுத்தினால் அது வன்புணர்வு ஆகாது.

"இன்னுமா கோயிலுக்குப் போறே?" என்று அந்த வரவேற்பறைத் தோழிகள் கேட்பார்கள். போகிறேன். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு. மெழுகுவத்தி வாசனையை என்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அதேபோல எல்லாவற்றையும் அனுபவித்தே தீர வேண்டும் என்று விடுதலையையே வீட்டுப்பாடமாக்கும் சில தோழிகளிடமும் எனக்கு ஒத்துவராது. எண்ணிக்கை அங்கேயும் இருக்கிறது.

போன வாரம் மகள் தமிழ் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். உடல் உறுப்புகள். கண், காது, முழங்கை எல்லாம் எழுதிவிட்டு, "அம்மா, 'அங்க'வுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றாள். அந்தச் சொல் எப்படி அவள் வாய்க்கு வந்தது? நான்தான் சொல்லியிருக்கிறேன் போல.

"பெண்குறி," என்றேன், சாதாரணக் குரலில்.

"எந்த 'ரி'? சின்னதா பெரிசா?"

அடுக்களையில் அத்தை வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது.