தொட்டிக்குஞ்சும் உங்கள் இதய எமோஜியும்

இலங்கைக் கடற்கரையில் ஓர் ஆமைப் பொரிப்பகம், அதாவது கடலாமை முட்டைகளை வாங்கிப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைத் தொட்டியில் வைத்துக் காட்டும் இடம். அங்கே எடுத்த காணொளியை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். வெயில் இறங்கவில்லை, வாளி நிறைய ஆமைக்குஞ்சு, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துப் படம். ‘இயற்கையைக் காக்கும் சுற்றுலா’ என்று தலைப்பு வேறு. இது பாதுகாப்பு இல்லை, காட்சி என்று ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் இவ்வளவு அர்ச்சனை.

சரி, விளக்கமாகவே சொல்கிறேன். மணலைக் கிளறி வெளியே வரும் குஞ்சின் வயிற்றில் மிச்ச மஞ்சள்கரு இருக்கும். அதுதான் அதன் கட்டுச்சோறு. அதை வைத்து முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தி, கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட வேண்டும். அந்த வெறி பிறகு தணிந்துவிடும். அந்த நேரத்தில்தான் பொரிப்பகத்தார் அதைத் தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். சுவரில் முட்டி முட்டிச் சுற்றுகிறது, நெருக்கத்தில் ஒன்றின் துடுப்பை ஒன்று கடிக்கிறது, புண்ணில் பூஞ்சை பிடிக்கிறது. மூன்று நாள் கழித்து, பறவையும் மீனும் பார்த்துக்கொண்டிருக்கும் பட்டப்பகலில் ‘விடுதலை’. அதற்கு நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

“கொஞ்சம் வளர்த்து விட்டால் தப்பிக்குமே?” மூன்று நாளில் என்ன வளரும் ஐயா?

“பொரிப்பகம் வாங்காவிட்டால் முட்டை சந்தைக்குத்தான் போகும்.” இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முட்டை எப்படி வருகிறது என்று கேட்டீர்களா? இரவில் இட்டது, விடிந்த பிறகு பையில், மோட்டார் சைக்கிளில். இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு புரட்டினால், குலுக்கினால் செத்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், புரட்டாமல், ஈரமணல் போட்ட வாளியில் கொண்டுபோய், தாய் தோண்டிய அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். ஒலிவ் ரிட்லி என்ற சிறிய கடலாமைக்குச் சுமார் 45 சென்டிமீற்றர், பேராமை எனப்படும் பச்சை ஆமைக்கு 75 வரை. ஆழம் குறைந்தால் மணல் சுடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடுதான் தீர்மானிக்கும். ஏறத்தாழ 29 பாகை செல்சியஸில் ஆணும் பெண்ணும் பாதிப் பாதி. அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள்தான். 34 பாகையைத் தாண்டி நீடித்தால் குஞ்சே இல்லை. நிழலில்லாத சீமெந்து முற்றத்தில் முட்டைக் குழிகளுக்கு வரிசையாகப் பலகை நட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் குழிக்குள் வெப்பமானி வைத்தவர் எத்தனை பேர்? சட்டப்படி கடலாமை முட்டையைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பதை நினைவூட்டினால் அதற்கும் கோபம்.

“குறை சொல்லத்தான் தெரியும், வழி சொல்லத் தெரியாது.” இதுதான் உண்மையில் வலித்தது. வழி இந்தத் தீவிலேயே இருக்கிறது. தங்காலைக்கு அருகே ரெக்கவைக் கடற்கரையில் 1990களிலேயே முட்டை எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூட்டுக்குக் காவலாக வைத்தார்கள். முட்டை இட்ட இடத்திலேயே இருக்கும், குஞ்சு பொரிந்ததும் தானே கடலுக்குப் போகும். வருகிறவர்கள் இருட்டில் காத்திருப்பார்கள். ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் கிட்டப் போகலாம், அதுவும் பின்பக்கமாக. பிளாஷ் கூடாது, டோர்ச் என்றால் மங்கலான சிவப்பு. சில இரவு ஆமை வராது. காசு கொடுத்தேன், ஆமை எங்கே என்று கேட்பவருக்கு அது சரிவராது, தெரியும். அவருக்காகத்தானே தொட்டி.

‘பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சன்ஸ்கிரீன் தடவிய கையால் காட்டு உயிரைப் பிடித்துப் படமெடுக்கலாம் என்று கற்றுக்கொள்கிறார்கள். அதே பிள்ளை நாளை புறாத்தீவில் பவளப்பாறை மேல் ஏறி நிற்கும், மிரிஸ்ஸவில் திமிங்கிலத்தைப் படகுகள் சூழ்ந்தால் இன்னும் கிட்டப் போகச் சொல்லும். யாலவில் ஒரு சிறுத்தைக்கு எத்தனை ஜீப் என்று கேட்டால் நான் தேசத்துரோகி ஆகிவிடுவேன், விடுங்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் இதையே ஆங்கிலத்தில் எழுதினால் நீங்களே பகிர்வீர்கள் என்பதும் தெரியும்.

கடைசியாக, என்னை ‘பொறாமைக்காரர்’ என்று எழுதிய கடற்கரை விடுதிக்காரருக்கு. உங்கள் விடுதியின் வெள்ளை விளக்குகள் விடிய விடிய மணலில் அடிக்கின்றன. தாய் ஆமை அந்த வெளிச்சத்தைக் கண்டால் கரையேறாமல் திரும்பும். குஞ்சு கடலை விட்டு உங்கள் நீச்சல் குளத்துப் பக்கம் ஊரும். கடல் பக்கத்து விளக்கை அணையுங்கள், அல்லது தாழ இறக்கி, மறைப்புப் போட்டு, செம்மஞ்சளுக்கு மாற்றுங்கள். செய்துவிட்டு வந்து கமென்ட் போடுங்கள், பதில் சொல்கிறேன்.