நிரல் ஓடியது, விடை தவறு

அல்காரிதம் (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) பாடத்தில் மாணவர்கள் திணறுவதற்கு நிரலாக்கப் பயிற்சி போதாததே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் அனுபவம் வேறு. நிரல் எழுத எனக்கு நன்றாகவே வரும், சறுக்கியது என் தீர்வு எப்போதும் சரி என்று காட்டும் நிரூபணத்தில்தான்.

1, 3, 4 மதிப்புள்ள நாணயங்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையிலான நாணயங்களில் 6 என்ற தொகையைத் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிந்தவரை பெரியதையே எடுக்கும் கிரீடி முறையை எழுதினேன். 4, 1, 1 என மூன்று வந்தது. 3, 3 என்று இரண்டே போதுமே! அப்புறம்தான் டைனமிக் புரோகிராமிங் எதற்கு என்று உறைத்தது. அந்த முறையில் 1 முதல் 5 வரை ஒவ்வொரு தொகைக்கும் சிறந்த விடையைக் குறித்துக்கொண்டே போனால் 6-க்கான விடை தானாக வந்துவிடுகிறது. அந்த அட்டவணையைத் தாளில் கையால் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆசிரியர்களே, தவறான தீர்வை உடைக்கும் எதிர் உதாரணங்களையும் வீட்டுப்பாடமாகக் கேளுங்கள்.