அது மரமல்ல, வர்ணம்

1930களின் ஃபோர்டு, செவ்ரோலே டேஷ்போர்டுகள் வால்நட் மரத்தால் ஆனவை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் டேஷ்போர்டும் ஜன்னல் சட்டங்களும் பெரும்பாலும் எஃகுத் தகடுகள்தான். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். நாம் பார்க்கும் மரவரி, அதாவது மரத்தில் ஓடுவது போன்ற கோடுகள், வெறும் வர்ணம். தேய்த்தால் வரி போய்விடும், கையில் மிஞ்சுவது வெறும் தகடு.

ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ் போன்ற பிரிட்டிஷ் கார்களில் உண்மையான வால்நட் மேலொட்டு, அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள், உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

மரவரியைத் திரும்பக் கொண்டுவரும் வழி வேறு. முதலில் வெளிர் பழுப்பில் அடிப்பூச்சு. அது நன்றாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இங்கேதான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. பிறகு, மரவரி பொறித்த தனித் தகடு ஒன்றில் அடர்ந்த நிற மையைத் தேய்த்து, மிஞ்சியதை நேரான பிளேடால் வழித்தெடுக்க வேண்டும். பள்ளங்களில் தங்கிய மையை மென்மையான உருளை ஒன்று எடுத்துக்கொள்ளும். அதை டேஷ்போர்டின் மீது ஒரே திசையில், ஒரே ஓட்டமாக உருட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் வரி உடைந்து தெரியும். அப்படிப் பிசகினால் மை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இறுகிய அடிப்பூச்சு தாங்கும். நிறமற்ற லாக்கர் பூச்சு கடைசியில்தான்.

தூரிகையால் கையாலேயே வரைபவர்களும் இருக்கிறார்கள். வார்னிஷ் டப்பாவை மட்டும் மூடி வையுங்கள்.