டிஎன்பி கரண்டு போனால் சோலாரும் நிற்கும்
கூரையில் சோலார் இருந்தால், டிஎன்பி (மலேசியாவின் மின்சார நிறுவனம்) மின்சாரம் போனாலும் பகலில் வீட்டில் கரண்டு இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. பினாங்கு வீடுகளில் வழக்கமாகப் போடும் பேட்டரி இல்லாத இணைப்பில் அப்படி நடக்காதுங்க. சோலார் பலகை தருவது நேர்மின்சாரம். அதை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், டிஎன்பி லைனைப் பின்பற்றியே ஓடும். லைன் செத்ததும் ஓரிரு வினாடியில் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால், வெளியே பழுது பார்ப்பவர் மீது உங்கள் கூரை மின்சாரம் பாயலாம். வெயில் எவ்வளவு அடித்தாலும் இதுதான்.

சந்தேகமென்றால், நல்ல வெயிலில் (கணினியை முதலில் அணைத்துவிடுங்கள்) டிபி பெட்டியின் (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். விளக்கு அணையும், இன்வெர்ட்டர் திரையில் கிரிட் (டிஎன்பி லைன்) இல்லை என்று வரும். திரும்ப ஏற்றினாலும் உடனே ஓடாது. லைனைக் கொஞ்ச நேரம் சோதித்த பிறகே தொடங்கும். பேட்டரியும், லைன் இல்லாதபோதும் வீட்டுக்குக் கரண்டு தரும் பேக்கப் வசதியுள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டும் கதை வேறு.