22 கன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து வந்தவர்களும்

பூமலை என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கிடைத்தது. வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் தடவை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ரப்பருக்குப் பெரிய இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் தென்கிழக்காசியாவில் ரப்பர் தோட்டங்கள் பரவ இந்தப் பூங்காவின் ஆராய்ச்சி வழி செய்தது என்கிறார்கள். முழுக்க உண்மை. ஆனால் அந்தக் கதையை யார் சொன்னாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை.

வழக்கமாகச் சொல்லப்படும் பாதி இது. 1859இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று பூங்காவைத் தொடங்குகிறது. லாரன்ஸ் நிவன் அதை வடிவமைக்கிறார். மலர்க் கண்காட்சி, பேண்டு வாத்தியம், மாலை உலா என்று வசதியானவர்களின் பொழுதுபோக்கு இடமாக இருக்கிறது. சங்கத்தால் செலவைச் சமாளிக்க முடியாமல் போக, 1874இல் அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்துதான் பூங்காவின் வேலை மாறுகிறது. காலனிக்குப் பணம் தரும் பயிர் எது என்று நட்டுப் பார்க்கும் இடமாகிறது.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதையில் எண்ணெய் அதிகம், சீக்கிரமே முளைக்கும் திறனை இழந்துவிடும். அத்தனையில் முளைத்தவை சுமார் 2,700தான். பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 மலாயாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கோலகங்சாருக்குப் போயின. அந்த ஒன்பதில் ஒன்று இன்னும் அந்த ஊரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பார்த்திராதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

1888இல் ஹென்றி ரிட்லி பூங்காவின் பொறுப்புக்கு வருகிறார். இந்த மனிதரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. மலாயாவில் அப்போது காப்பிதான் ராஜா, ரப்பரை யாரும் சீந்தவில்லை. சந்திக்கிற தோட்ட முதலாளிகளின் சட்டைப் பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணிப்பாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் நூறு வயது வாழ்ந்து 1956இல் இறந்தார். மலாயா உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதியைத் தந்த காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் செய்த முக்கியமான காரியம் பால் எடுக்கும் முறை. அமேசானில் கத்தியாலோ கோடரியாலோ மரத்தைக் கண்டபடி வெட்டிப் பால் எடுப்பார்கள். மரம் காயப்பட்டுச் சீக்கிரமே வீணாகும். ரிட்லி பட்டையை மட்டும் சாய்வாக, மெல்லிசாகச் சீவச் சொன்னார். உள்ளே இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொடக்கூடாது. அடுத்த முறை புதிய இடத்தில் வெட்டாமல், அதே வெட்டின் கீழ் விளிம்பை ஓர் இழை சீவினால் போதும். முதல் தடவையைவிட அடுத்தடுத்த தடவைகளில் பால் கூடுதலாக வரும், சீவின பட்டையும் திரும்ப வளர்ந்துவிடும். ஒரே மரத்தில் பல ஆண்டுகள் பால் எடுக்கலாம்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. மரத்தைக் காப்பாற்றிய இந்த முறைக்கு, விடியற்காலையில் தவறாமல் மரத்தடியில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தொடங்க வேண்டும். ஒருவர் கணக்கில் முந்நூறு, நானூறு மரங்கள். கத்தி ஓர் இழை ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம், ஆளுக்கு ஏச்சு. அந்தக் காலத்தில் எந்த இயந்திரமும் செய்ய முடியாத வேலை அது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் 40 ஏக்கரில் முதல் ரப்பர்த் தோட்டம் போட்டார். அதன் பிறகு பூங்காவிலிருந்து லட்சக்கணக்கில் விதைகள் போயின. அத்தனை மரங்களுக்கும் கைகள் எங்கிருந்து வரும்?

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தன. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி ஊருக்குப் போய்த் தன் உறவையும் அக்கம்பக்கத்தையும் திரட்டிக்கொண்டு வருவார், அவருக்குத் தலைக்காசு. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறினால் பினாங்கு. ரப்பர் விலை ஏறினால் ஆள் வேண்டும். 1930களின் தொடக்கத்தில் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானோரைத் திரும்பக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். முதலில் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை நகத்தால் நெம்பி, நூல் மாதிரி நீளமாக உரித்து, உருட்டிப் பையில் போட்டுக்கொள்வார். அதுவும் எடைக்குப் போகும். அப்புறம் கத்தியை வைத்து, மரத்தைச் சுற்றி நடந்தபடியே ஒரே இழுப்பில் சீவுவார். சீவின கோட்டில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாய்ப் பால் அரும்பி, ஒன்றுசேர்ந்து, தகரப் பீலி வழியாக மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். அடுத்த மரம். கடைசி மரம் முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்ப முதல் மரத்திலிருந்து பாலைச் சேர்க்க வேண்டும். இடையில் மழை வந்து மங்கில் தண்ணீர் கலந்தால் அன்றைய உழைப்பு பாழ். பிள்ளைகளான எங்களுக்கு ரப்பர் விதை விளையாட்டுச் சாமான். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைப்போம். அந்த விதை எந்த ஊரிலிருந்து யார் வழியாக வந்தது என்று எங்கள் தோட்டத்துப் பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இதே இரண்டு பாதிதான். ஜப்பானியர் ஆட்சியில் பூமலையின் தாவர மாதிரிகளும் நூலகமும் சிதையாமல் காப்பாற்றப்பட்டன. ஜப்பானிய அறிஞர்களும், ஹோல்ட்டம், கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர்களும் பகை மறந்து சேர்ந்து வேலை செய்தார்கள். படிக்கப் படிக்க மனம் நெகிழும் வரலாறு. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை, ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அவர்களுடைய பெயர்ப் பட்டியல் கூட நம்மிடம் முழுமையாக இல்லை.

"பூங்கா அறிவியல் செய்தது, தோட்ட முதலாளிகள் செய்ததற்கு அது எப்படிப் பொறுப்பாகும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். குற்றவாளிக் கூண்டில் பூங்காவை நிறுத்த நானும் சொல்லவில்லை. ஆனால் ரப்பர் பரவியதன் பெருமையில் பங்கு கேட்கும்போது, அதைப் பரப்பிய கைகளையும் சேர்த்துச் சொல்வதுதானே முறை? தாவரவியல் பூங்காவின் உயிரே பெயர்ச்சீட்டில் இருக்கிறது. பூமலையின் உலர்தாவரக் காப்பகத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. காய்ந்த ஓர் இலைக்குக்கூட அதைப் பறித்தவர் யார், எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதி வைக்கும் இடம் அது. அந்தக் கவனத்தில் கொஞ்சம் பால் வெட்டியவர்களுக்கும் வேண்டும் என்கிறேன். ரிட்லியின் படத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து மனிதர்களின் படங்கள், அவர்கள் வைத்திருந்த கத்தி, மங்கு, கப்பல் சீட்டு, அவர்கள் பேச்சின் ஒலிப்பதிவு. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப்பனையும் 1870களில் இந்தப் பூங்கா வழியாகத்தான் அழகு மரமாக மலாயாவுக்குள் வந்தது. பின்னாளில் ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டுப் பனை நட்டபோது, பால் வெட்டத் தெரிந்த கைகளுக்கு வேலை போனது, தோட்டம் தந்த லயத்து வீடும் போனது. எங்கள் குடும்பம் நகர ஓரத்துப் புறம்போக்குக் குடிசைக்கு வந்தது அப்படித்தான். தோட்டத்துக் கோவிலையும் பள்ளியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

அதனால் பூங்கா செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். வீட்டில் பால் வெட்டிய பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணி, எந்தக் கப்பல், எந்தத் தோட்டம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், நம் ஆட்கள் வைத்த பெயர் வேறாக இருக்கும், இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சம்பள அட்டை, கடப்பிதழ், படம் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். படம் பிடித்து இங்கே கீழே போட்டால், நான் தேதிவாரியாகத் தொகுத்து வைக்கிறேன்.